நொச்சி போட்டும் வண்டு வந்தது ஏன்? தானியச் சேமிப்பில் இலைகளின் வேலையும் அளவும்

கேள்வி இது. காவிரி டெல்டாவில் ஒரு சிறு விவசாயி. சம்பா நெல்லில் சாப்பாட்டுக்கும் விதைக்குமாக இருபது மூட்டை, நெல் தரிசில் எடுத்த உளுந்தில் நூறு கிலோ என்று வீட்டில் நிறுத்திக்கொள்கிறார். பெரியவர்கள் சொன்னபடி சாக்குக்குள் நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கட்டினார். நெல் ஓரளவு தப்பியது. உளுந்து ஆடி மாதத்துக்குள் ஓட்டை ஓட்டையாகிவிட்டது. இலை உண்மையிலேயே வேலை செய்யுமா, செய்யும் என்றால் எவ்வளவு, எப்படிப் போட வேண்டும் என்று கேட்கிறார்.

வேலை செய்யும். ஆனால் இலையிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இலை விரட்டும், முட்டையிட வருவதைத் தடுக்கும், பூச்சியின் வளர்ச்சியைக் கொஞ்சம் குலைக்கும். ஏற்கெனவே மணிக்குள் உட்கார்ந்திருக்கும் புழுவை அது கொல்லாது. சுத்தமான தானியத்தைச் சுத்தமாகவே வைத்திருக்க இலை உதவும். பூச்சி ஏறிய தானியத்தை மீட்க உதவாது. உங்கள் நெல் தப்பியதற்கும் உளுந்து போனதற்கும் பாதிக் காரணம் இதிலேயே இருக்கிறது.

நெல்லுக்கு வரும் முக்கியமான எதிரிகள் மூன்று. அந்துப்பூச்சி, மூக்கு வண்டு, தானியத் துளைப்பான். அந்துப்பூச்சி வயலிலேயே கதிரில் முட்டை வைக்கும். புழு மணிக்குள் போய்த் தின்று வளர்ந்து, வெளியே வரும் இடத்தில் உமியில் வட்டமாக ஒரு துளை விடும். கையில் அள்ளினால் கனமே இல்லாத நெல் அதுதான். இந்தப் பூச்சி குவியலின் ஆழத்துக்குப் போக முடியாது. மேலே ஓர் அடி ஆழத்துக்குள்தான் அதன் சேட்டையெல்லாம். மூக்கு வண்டு அப்படியில்லை. மூக்கால் மணியைக் குடைந்து, உள்ளே ஒரு முட்டை வைத்து, குடைந்த இடத்தைப் பசை போன்ற ஒன்றால் மூடிவிடும். நம் ஊர் வெப்பத்தில் நான்கைந்து வாரத்தில் அடுத்த தலைமுறை வெளியே வந்துவிடும். ஆனால் உமி முழுசாக, இறுக்கமாக மூடியிருக்கும் நெல்லுக்குள் நுழைய அதற்குச் சிரமம். நெல்லுக்கு உமியே முதல் காவல். அரிசியாக வைத்தால் விழும் வண்டு, நெல்லாக வைத்தால் குறைவாக விழுவது அதனால்தான். அடிக்கும்போது உமி உடைந்த மணி அதிகமாக இருந்தால் அந்தக் காவல் போய்விடும். இயந்திர அறுவடையில் உருளையின் வேகம் கூடிப்போய் உடைசல் நிறைய விழுந்த நெல்லைச் சேமிப்புக்கு நிறுத்தாமல் முதலில் அரைத்துச் சாப்பிடுவது நல்லது.

உளுந்துக்கு முக்கியமான எதிரி ஒன்றே ஒன்று, பயறு வண்டு. அதற்கு இந்த உமித் தடையெல்லாம் இல்லை. வயலில் காய் முற்றும்போதே பறந்து வந்து நெற்றின் மேல் முட்டை ஒட்டிவிடும். களத்துக்கு வரும்போதே உங்கள் உளுந்தில் சில மணிகளுக்குள் புழு இருக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது. ஒரு பெண் வண்டு எண்பது, நூறு முட்டை வைக்கும். ஒரு தலைமுறைக்கு 25 முதல் 30 நாள். சித்திரையில் மூட்டை கட்டும்போது பத்துப் பதினைந்து வண்டு உள்ளே இருந்தால் ஆடிக்குள் மூன்று தலைமுறை ஓடிவிடும். அந்த மூட்டையில் இரண்டு கைப்பிடி இலை போட்டால், வெளியிலிருந்து புது வண்டு வருவது குறையலாம். உள்ளே பொரிப்பவை எங்கே போகும்?

ஆகவே இலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் முடிந்திருக்க வேண்டும்: காய்ச்சல் (தானியம் நன்றாகக் காய்ந்திருப்பது), சாக்கு.

நெல் சேமிப்புக்கு ஈரப்பதம் 12, 13 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. உளுந்து, பயறு வகைகளுக்கு 10க்குக் கீழே. கொள்முதல் நிலையத்தில் 17 வரை எடுத்துக்கொள்கிறார்களே என்று அந்த அளவிலேயே சாக்கில் கட்டிவிடுபவர்கள் உண்டு. அது வாங்குவதற்கான வரம்பு, வைப்பதற்கானது அல்ல. 17-ல் கட்டிய நெல் மூட்டை நடுவில் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், எந்த இலையும் அதைத் தடுக்காது. தார்ப்பாயில் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மணிக்கொரு தரம் கிளறிவிட்டு, இரண்டு மூன்று வெயில் காட்டுங்கள். விதை நெல்லுக்கு மட்டும் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரையான உச்சி வெயிலைத் தவிர்த்து, காலையிலும் மாலையிலும் காட்ட வேண்டும். தை, மாசியில் அறுத்த சம்பா நெல்லில் பகல் வெயில் நன்றாக இருக்கும், ஆனால் பனி இறங்கும். அந்தியில் மூடாமல் விட்டால் பகலில் போன ஈரத்தில் பாதி திரும்பி வந்துவிடும். குறுவை நெல் வடகிழக்கு மழையை ஒட்டி அறுபடுவதால் அதை வீட்டில் நிறுத்துவதே வம்பு. முடிந்தால் குறுவையை விற்று சம்பாவை நிறுத்துங்கள்.

ஈரப்பதமானி இல்லாதவர்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. நன்றாக உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நெல்லைப் போட்டு, வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து, மூடி ஒரு நிமிடம் குலுக்கிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். உப்பு பாட்டிலின் உள்சுவரில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல். ஒட்டாமல் கீழே இறங்கிவிட்டால் 15-க்குள். 15 என்பது நமக்கு இன்னும் போதாது. ஒட்டாத நிலைக்கு வந்த பிறகு இன்னும் ஒரு முழு வெயில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லில் வைத்துக் கடிக்கும் பழைய முறையும் மோசமில்லை: நசுங்கினால் ஈரம், டக்கென்று உடைந்தால் காய்ச்சல்.

காய்ந்த தானியத்தைச் சூட்டோடு கட்டாதீர்கள். சூடான மூட்டைக்குள் ஈரம் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து, குளிர்ந்த சாக்கின் உட்புறத்தில் வியர்க்கும். வெயில் இறங்கிய பிறகு நிழலில் ஆறவிட்டு, பனி விழுவதற்குள் கட்டிவிட வேண்டும்.

சாக்கு விஷயத்தில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். போன வருஷத்துச் சாக்கின் தையலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வண்டு இருக்கும். புது நெல்லை அதில் கொட்டினால் பழைய வண்டுக்கு விருந்து வைத்த மாதிரிதான். பழைய சாக்கை உதறி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, கொதிக்கும் நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் அமுக்கி எடுத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள். மண் குதிர், மரப் பத்தாயம் என்றால் மூலையில் தங்கிய பழைய நெல்லை முழுக்கத் துடைத்து, வெடிப்புகளை மண்ணும் சாணமும் குழைத்து அடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே நிரப்ப வேண்டும். போன வருஷத்து மிச்ச மூட்டையைப் புது மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இப்போது இலை. நொச்சியும் வேம்பும் ஒரே வேலையைச் செய்வதாக நினைத்துத்தான் சேர்த்துப் போடுகிறோம். இரண்டும் வேறு வழியில் வேலை செய்கின்றன. நொச்சியின் பலம் அதன் மணத்தில். இலையிலிருந்து எழும் எண்ணெய் ஆவிதான் பூச்சியை விலக்குகிறது. அதனால் இலை மணியைத் தொடவேண்டிய அவசியம் இல்லை, ஆனால் அந்த ஆவி தங்க வேண்டும். மூடிய குதிரிலும் பத்தாயத்திலும் டிரம்மிலும் நொச்சி நன்றாக வேலை செய்யும். காற்றோட்டமான சணல் சாக்கில் சில வாரத்தில் மணம் பறந்துவிடும். பிறகு அது வெறும் சருகு. காய்ந்த வேப்பிலைக்கு அவ்வளவு மணம் கிடையாது. அதன் பலம் கசப்பில். பூச்சி அந்தக் கசப்பைத் தொட வேண்டும், தின்ன வேண்டும். வேப்பிலையை முழுசாகத் துணிப்பையில் கட்டி மூட்டை நடுவில் செருகிவைத்தால் பையைச் சுற்றி நான்கு விரல் தூரத்துக்குமேல் பலன் இருக்காது. வேப்பிலையைப் பொடித்து மணியோடு கலக்க வேண்டும். பொடி நெல்லை அரைக்கும்போது உமியோடு போய்விடும். சாப்பாட்டுக்கான உளுந்தில் கலந்தால்தான் கசப்பு தொந்தரவு தரும்.

புங்க இலையையும் பலர் போடுகிறார்கள். கெடுதல் இல்லை. அதன் கசப்புப் பொருள் இலையைவிட விதையில்தான் அதிகம். மூட்டைகளை அடுக்கும்போது அடுக்குக்கு நடுவே பரப்ப அது போதும். துளசி, திருநீற்றுப் பச்சிலை, தைல மர இலை எல்லாம் நொச்சியின் இனம் என்று வைத்துக்கொள்ளலாம், மணத்தால் விலக்குபவை. மூடிய கலத்துக்குத்தான் பொருந்தும்.

அளவில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஆய்வுகளில் இலைப் பொடி பலன் காட்டுவது தானிய எடையில் 1 முதல் 5 விழுக்காடு சேர்க்கும்போது. 75 கிலோ நெல் மூட்டைக்கு 1 விழுக்காடு என்றாலே 750 கிராம் காய்ந்த இலை. பச்சை இலையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். ஆக ஒரு மூட்டைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் பச்சை இலை பறித்து உலர்த்த வேண்டும். இருபது மூட்டைக்கு 15 கிலோ காய்ந்த இலை, பச்சையாக 40 முதல் 50 கிலோ. நாம் போடும் இரண்டு கைப்பிடி அந்தக் கணக்கில் எங்கேயும் வராது. இலை வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பாதிப்பேர் மருந்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கொடுக்காதவர்கள்.

எல்லா மூட்டைக்கும் இவ்வளவு இலை சேர்ப்பது நடக்காத காரியம் என்றால், பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மாதத்துக்குள் அரைக்கப்போகும் மூட்டைகளுக்கு நல்ல காய்ச்சலும் சுத்தமான சாக்கும் போதும். விதை நெல்லுக்கும், கடைசியாக எடுக்கப்போகும் ஐந்தாறு மூட்டைக்கும் முழு அளவு இலை கொடுங்கள். ஏக்கருக்கு 25 கிலோ என்று வைத்தால் மூன்று ஏக்கர் விதை ஒரு மூட்டைக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு மூட்டைக்கு 2 விழுக்காடு, அதாவது ஒன்றரைக் கிலோ பொடி கொடுத்தாலும் கட்டுப்படியாகும்.

பச்சை இலையை அப்படியே போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இரண்டு கிலோ பச்சை நொச்சியை ஒரு மூட்டைக்குள் திணித்தால் ஒன்றே கால் லிட்டருக்கு மேல் தண்ணீரை உள்ளே ஊற்றியதற்குச் சமம். மூட்டை முழுக்கப் பரவினால் நெல்லின் ஈரம் ஒன்றரை விழுக்காடு கூடும். ஆனால் அது பரவாது. இலை கிடக்கும் இடத்தைச் சுற்றியே தங்கும். மூட்டையைப் பிரிக்கும்போது இலைக்கொத்தைச் சுற்றி நெல் கட்டியாகி, கறுத்து, முடைநாற்றம் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சியை விரட்டப் போட்ட இலை பூஞ்சணத்துக்குப் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறது.

முற்றிய இலையாகப் பறியுங்கள். வேம்பில் பங்குனித் துளிர் ஆகாது. பனி காய்ந்த பிறகு காலை ஒன்பது பத்து மணிக்குப் பறித்து, நிழலில், காற்று வரும் இடத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி நான்கைந்து நாள் விடுங்கள். வெயிலில் காயவைத்தால் நொச்சியின் எண்ணெய் ஆவியாகிவிடும், வேம்பின் கசப்புப் பொருள் வெயிலில் சிதையும். இலையைக் கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும், நிறம் பச்சையாகவே இருக்க வேண்டும். பழுப்பாகிவிட்டால் வெயில் பட்டிருக்கிறது அல்லது குவியலாகக் கிடந்து புழுங்கியிருக்கிறது. வேப்பிலையை ஈர்க்கு நீக்கி உரலிலோ மிக்ஸியிலோ பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். நொச்சியைப் பொடிக்க வேண்டாம். பொடித்தால் மணம் வேகமாகப் போகும். கொத்தாகவே வையுங்கள்.

சாக்கில் போடுவதென்றால் நெல்லைத் தார்ப்பாயில் கொட்டி, வேப்பிலைப் பொடியைத் தூவி, மரச் சட்டுவத்தாலோ கையாலோ நன்றாகப் புரட்டிய பிறகு நிரப்புங்கள். குதிரிலும் பத்தாயத்திலும் அடுக்கு முறை நல்லது. அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்த நொச்சி, பிறகு ஒரு சாண் நெல், மெல்லிய அடுக்கு இலை, மறுபடி ஒரு சாண் நெல் என்று போய், மேலே மட்டும் கனமாக ஒரு அடுக்கு. மேலடுக்கைக் கனமாகப் போடுவதற்குக் காரணம் அந்துப்பூச்சி. அது மேல்மட்டத்தில்தான் முட்டை வைக்கிறது என்பதால், உள்ளே பத்து அடுக்கு போடுவதைவிட மேலே ஒரு அடுக்கைச் சரியாகப் போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது அதிகப் பலன் தரும். பழைய இலையை அப்படியே சுருட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பரப்பினால் போதும்.

இலையைவிட வேப்பங்கொட்டைக்கு வீரியம் பல மடங்கு அதிகம். பூச்சியின் பசியையும் தோலுரிப்பையும் குலைக்கும் அசாடிராக்டின் பிரதானமாகப் பருப்பில்தான் இருக்கிறது. 1968-ல் இங்கிலாந்தில் அதை முதன்முதலாகப் பிரித்தெடுத்ததும் விதையிலிருந்துதான். ஆனி, ஆடியில் மரத்தடியில் உதிரும் பழத்தைச் சேர்த்து, சதையை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஓட்டை உடைத்துப் பருப்பைத் தூளாக்குங்கள். விதைக்கு நூறு கிலோவுக்கு ஒரு கிலோ தூள் போதும். பழத்தைக் குவித்து வைத்துக் கறுப்புப் பூஞ்சணம் பிடித்த கொட்டையை மட்டும் சேர்க்காதீர்கள். அதில் பூஞ்சண நஞ்சு வரும். சாப்பாட்டு நெல்லுக்கு நேரடியாகக் கலப்பதைவிடச் சாக்குக்குக் கொடுப்பது நல்லது. ஒரு கிலோ பருப்புத் தூளைப் பத்து லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, சாக்கை அதில் அரை மணி நேரம் நனைத்து நிழலில் முழுக்கக் காயவையுங்கள். சாக்கின் மேல் வந்து உட்காரும் வண்டு உள்ளே போவது குறையும்.

உளுந்துக்கு வருவோம். பயறு வகைக்கு இலையை மட்டும் நம்பாதீர்கள் என்பதுதான் என் தீர்மானமான கருத்து. பயறு வண்டு முட்டையை மணியின் மேல்தோலில் ஒட்டுகிறது. அந்த இடத்திலேயே அதை மறிக்க வேண்டும். அதற்கு எண்ணெயைப் போல எளிய வழி வேறு இல்லை. கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி. ஐம்பது கிலோவுக்கு கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர். சாப்பாட்டு உளுந்துக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவானாலும் சரி, விதைக்கு வேப்பெண்ணெய். மணி மேல் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலம் முட்டையின் மூச்சை அடைத்துவிடும், வழவழப்பான மணியில் வண்டு முட்டை வைக்கவும் தயங்கும். எண்ணெயை நடுவில் கொட்டி இரண்டு புரட்டுப் புரட்டி விட்டுவிடாதீர்கள். ஐந்தைந்து கிலோவாகப் பிரித்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து எல்லா மணியும் மினுங்கும்வரை பிசற வேண்டும். எண்ணெய் படாத மணி வண்டுக்கு. விதை உளுந்துக்கு 5 மில்லிக்கு மேல் போகாதீர்கள். கூடினால் முளைப்பு குறையும். இதன் காவல் ஏறக்குறைய மூன்று மாதம். உளுந்து காய்ந்த உடனே, வண்டு ஒரு சுற்று பெருகுவதற்குள் பூசிவிட வேண்டும்.

விதைக்கு இன்னொரு வழி வசம்பு. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கிழங்கை வெயிலில் இன்னும் ஒருமுறை காயவைத்து இடித்துச் சலித்து, கிலோவுக்கு 10 கிராம் கலக்க வேண்டும். முப்பது கிலோ விதை உளுந்துக்கு 300 கிராம். வசம்பின் அசரோன் என்ற பொருள் வண்டின் இனப்பெருக்கத் திறனையே கெடுக்கிறது, அதனால் இலையைவிட உறுதியான பலன். அதே பொருள் மனிதர்களுக்கு நல்லதல்ல. அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். சாப்பிடும் தானியத்தில் வசம்புப் பொடியைக் கலக்க வேண்டாம். கலந்த விதையை விதைக்காமல் மிச்சப்பட்டால் அதைத் திரும்ப அடுப்படிக்கு அனுப்பவும் வேண்டாம்.

துவரைக்குச் செம்மண் கட்டும் பழைய முறை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. சில மணி நேரம் ஊறிய துவரையைச் செம்மண் குழம்பில் பிசறி, இரவு குவித்து வைத்து, மறுநாளும் அதற்கடுத்த நாளும் நல்ல வெயிலில் காயவைத்துச் சலித்தெடுப்பது. மேல்தோலில் படியும் மண் பூச்சு வண்டுக்கு ஒட்டிடம் கொடுக்காது, பருப்பு உடைக்கும்போது தோலும் எளிதில் கழலும். மண்ணில் மணலும் கல்லும் இருந்தால் பருப்பு அரைக்கும் ஆளிடம் திட்டு வாங்க வேண்டும். சன்னமாகச் சலித்த மண்ணாக இருக்கட்டும்.

அமாவாசைக்கு அமாவாசை பயறை எடுத்து வெயிலில் காட்டும் வழக்கம் பல ஊரில் உண்டு. நிலவுக்கும் வண்டுக்கும் முடிச்சுப் போட நான் தயாரில்லை. ஆனால் அமாவாசையிலிருந்து அமாவாசை 29, 30 நாள். பயறு வண்டின் ஒரு தலைமுறையும் கிட்டத்தட்ட அதே. மாதம் ஒருமுறை தவறாமல் வெயில் காட்டிச் சலித்தால் ஒவ்வொரு தலைமுறையும் முட்டையிட்டுப் பெருகும் முன்பே கலைந்துபோகும். நாள்காட்டி மறந்தாலும் அமாவாசை மறக்காது என்பதால் அந்த வழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு உளுந்துக்கு இதைக் கொஞ்சம் தீவிரமாகவும் செய்யலாம்: கறுப்புப் பாலித்தீன் மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே நிறமற்ற பாலித்தீனால் மூடி, ஓரத்தில் மண் வைத்து, உச்சி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம். உள்ளே 57 டிகிரியைத் தொட்டு ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, வண்டு மூன்றும் சாகும். விதைக்கு இந்தச் சூடு வேண்டாம், சாதா வெயில் போதும்.

உங்கள் நூறு கிலோவை நான் பிரிப்பதானால், முப்பது கிலோ விதைக்கு வசம்போ வேப்பெண்ணெயோ கொடுத்துவிட்டு, மிச்ச எழுபதில் பாதியை உடைத்துப் பருப்பாக்கிவிடுவேன். முழு மணியில் வளரும் அளவுக்குப் பயறு வண்டு உடைத்த பருப்பில் வளராது. மீதிக்கு எண்ணெய் பூசி, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டிரம்மில் விளிம்பு வரை நிரப்பி மூடுவது. டிரம்மில் பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றே வண்டுக்குப் பல வாரம் போதும். நிரம்பியிருந்தால் உள்ளே தப்பிய வண்டு இருக்கும் கொஞ்சக் காற்றைத் தீர்த்துவிட்டு மூச்சுத் திணறும். தினமும் திறந்து ஒரு படி எடுப்பது இதைக் கெடுத்துவிடும். மாதச் செலவுக்கானதைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ட இலையையும் போடக்கூடாது. எருக்கு, அரளி, ஊமத்தை, ஆமணக்கு இலை, காட்டாமணக்கு, உண்ணிச்செடி எல்லாம் பூச்சிக்கு ஆகாது என்பது உண்மை, நமக்கும் மாட்டுக்கும் ஆகாது என்பதும் உண்மை. இலை உதிர்ந்து நொறுங்கித் தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். சீதாப்பழ விதைத் தூள் வீரியமானது, ஆனால் கண்ணில் பட்டால் கடுமையாகப் புண்ணாக்கும். விதைத் தானியத்துக்கு மட்டும், அதுவும் கண்ணையும் மூக்கையும் மூடிக்கொண்டு. இலை பலிக்கவில்லை என்ற எரிச்சலில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் இருக்கும் மூட்டையில் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும், முறிவு மருந்து கிடையாது. மாத்திரை கட்டுப்பாட்டில் உள்ளது; பயிற்சி பெற்றவர்கள், ஆள் குடியிருக்காத கிடங்கில், மூடி வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது.

எலிக்கும் நொச்சிக்கும் சம்பந்தமில்லை. மூட்டையைத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் மரச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு அடிக்குக் குறையாமல் தள்ளி அடுக்குங்கள். சிமெண்டுத் தரையின் ஈரம் ஏறாது, பின்னால் எலி வளை போட்டாலும் கண்ணில் படும்.

அதன்பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். முழங்கை வரை கையை உள்ளே விட்டால் நடுவில் சூடு தெரியக் கூடாது. ஒரு படி எடுத்து வெள்ளைத் துணியில் சலித்தால் மாவு உதிரக் கூடாது. உளுந்தின் கறுப்புத் தோலில் உப்புப் பரல் போல வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. துளை விழும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே வெயிலில் கொட்டுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பூச்சிப் பொறி ஒன்று இருக்கிறது: இரண்டு மில்லிமீட்டர் துளைகள் போட்ட குழாய், அடியில் வண்டு வந்து விழும் கிண்ணம். தானியத்துக்குள் நேராகச் செருகி வைத்தால் கண்ணுக்குத் தெரியாத நிலையிலேயே பூச்சி இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். விலையும் அதிகமில்லை. இலைக்கு ஆகும் உழைப்பில் கால்பங்கை இதற்குக் கொடுத்தால் ஒரு தலைமுறை முன்னாலேயே விழித்துக்கொள்ளலாம்.

வண்டு ஏறிவிட்டது என்று தெரிந்த மூட்டையில் கூடுதல் இலை போட்டுப் பலனில்லை. அதைப் பிரித்து, மற்ற மூட்டைகளிலிருந்து தூரத்தில், வெயிலில் கொட்டிச் சலித்து, விழுந்த வண்டைக் கூட்டி எரித்துவிட்டு, சாக்கை வெந்நீரில் போட்டு, மறுபடி நன்றாகக் காய்ந்த பிறகே இலையோடு கட்ட வேண்டும். துளை விழுந்த நெல் தூற்றும்போதே பதரோடு பறந்துவிடும்.

விதைக்கு வைத்ததை விதைப்புக்குப் பதினைந்து நாள் முன்னால் எடுத்து, மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலிருந்தும் கலந்து நூறு மணி எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பாருங்கள். நெல்லில் எண்பது, உளுந்தில் எழுபத்தைந்து முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். சற்றுக் குறைந்தால் விதை அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். பாதிக்கும் கீழே போனால் அதை விட்டுவிட்டு வேறு விதை பார்க்க அந்தப் பதினைந்து நாள் கையில் இருக்கும்.